ஆப்பிரிக்காவுக்கு வளர்த்த லாலாங்

ஆப்பிரிக்காவை நான் ஏழு தடவை டைப் அடித்திருக்கிறேன். தடவைக்கு ஐந்து கார்பன் காப்பி. ஐந்தாவது காப்பியில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதைத்தான் என் ஃபைலுக்குக் கொடுப்பார்கள். சுங்கை லாலாங் மிருகக்காட்சிச் சாலையில் ஆப்பிரிக்கப் புல்வெளி அமைக்கும் திட்டத்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்கலாம். பக்க எண்ணோடு சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

மிருகக்காட்சிச் சாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அதில் நாற்பது ஏக்கரை ஒரு கம்பெனி வாங்கிச் சுற்றிக் கம்பி வேலி போட்டது. இரண்டு கரடி, கண் மங்கிய ஒரு புலி, முதலைக் குளம், ரூசா மான்கள், ஒரு குரங்குக் கூண்டு. கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, அன்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். குரங்குக்குக் கச்சான் கடலை போடுவார்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த "இவ்வளவுதானா"தான் எங்கள் மேனேஜர் என்சிக் ஜைனலைப் பாடாய்ப் படுத்தியது. என்சிக் என்றால் மலாயில் ஐயா மாதிரி. நல்ல மனிதர். அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் ஒரு யோசனை மண்டைக்குள் ஏறிவிட்டால் நம் உயிரை வாங்கிவிடுவார். 1980 கடைசியில் கோலாலம்பூருக்குப் போய் மோரிஸ் என்ற ஆர்க்கிடெக்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்தோம். வந்தவர் என்னைப் போலத் தமிழ்க் கிறிஸ்தவர்தான். தமிழ் மட்டும்தான் வராது. கென்யாவில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவராம். பத்து நாளில் ஆப்பிரிக்கா முழுவதையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் போலத்தான் பேசினார்.

அவர் வரைந்து கொண்டுவந்த படத்தைக் குறை சொல்ல மாட்டேன். மேசை அகலத்துக்கு ஒரே கலர். இடுப்பளவு பொன்னிறப் புல். அதற்குள் நான்கு ஒட்டகச் சிவிங்கி, பன்னிரண்டு வரிக்குதிரை, கூட்டமாக ஆப்பிரிக்க மான். தடித்த அடிமரமும் குட்டைக் கிளையுமாக ஒரு மரம், சிவப்பாக மூன்று கறையான் புற்று. வலது பக்கக் கீழ் மூலையில் முட்டை வடிவத்தில் நீல நிறக் குளம். மிருகங்கள் தண்ணீர் குடிக்கிற இடம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

நான் அந்த நீல முட்டையைப் பார்த்தேன். எங்கள் இடத்தின் நில வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த முட்டைக்குள் நான்காம் லயம், பழைய தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்தது.

"என்சிக், இந்த இடத்துல எட்டு வீடு இருக்கு. ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "படத்துல இல்லையேலா, மிஸ் அகத்தா."

இந்த ஒரு பதிலில் என் அடுத்த பத்து மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் லயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் விற்றபோது ரப்பர் பால் வெட்டியவர்கள் எல்லாரும் வேறு தோட்டங்களுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்த எட்டுப் பெண்களும் அவர்கள் குடும்பமும் மட்டும் மிஞ்சினார்கள். கம்பெனி அவர்களைத் தினக்கூலியாக வைத்துக்கொண்டது. கூண்டு கழுவ, பாதை கூட்ட, இலை அள்ள. பழைய லயத்திலேயே இருந்துகொள்ளுங்கள் என்று வாயால் சொன்னதோடு சரி, காகிதத்தில் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குத் தலைவி காளியம்மா. ஐம்பதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்தைப் பிடித்த களைப்புல்லான லாலாங்கை முப்பது வருஷம் வெட்டிய ஆள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் எங்காவது ஒரு லாலாங் முளை தலை காட்டினால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் பிடுங்கிவிட்டு வந்துதான் மீதியைப் பேசுவார். தோட்டத்துக் குமாஸ்தாவைக் கிராணி என்பது போல என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "அப்ப எப்படிக் கூப்பிடுறது, கிராணியம்மா?" என்பார்.

திட்டம் தேயத் தொடங்கியது. இரண்டாவது தடவை டைப் அடிக்கும்போது ஒட்டகச் சிவிங்கி போய்விட்டது. கப்பல் செலவு கட்டாதாம். மூன்றாவது தடவை பன்னிரண்டு வரிக்குதிரை இரண்டாகி, ஒரு சிங்கம் நுழைந்தது. நான்காவதில் ஆப்பிரிக்க மான் போய், அதற்குப் பதில் எங்கள் ரூசா மானையே விடலாம் என்று வந்தது. "தூரத்துல நின்னு பாக்கிறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்று என்சிக் ஜைனல் என்னையே கேட்டார். ஐந்தாவதில் சிங்கம் போய்த் தீக்கோழி ஆறு சேர்ந்தது. இவ்வளவு மாறியும் அந்த நீல முட்டை மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. சிங்கத்தையே திட்டத்தில் நுழைத்து வெளியே தள்ளியவர்களுக்கு ஒரு குளத்தை நகர்த்த மனம் வரவில்லை.

புல் கதை தனி. மோரிஸ், நைரோபியிலிருந்து விதைதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். விதையும் வந்தது. பினாங்குக்கு வந்த மூட்டைகளை எடுக்க ஒரு ஃபாரத்தில் என்சிக் ஜைனல் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபாரம் அவர் மேசையில் தீக்கோழிப் பட்டியலுக்கு அடியில் இரண்டு மாதம் கிடந்தது. கடைசியில் லாரியில் வந்து இறங்கியபோது மூட்டையைத் தொட்டால் கை வழுக்கியது. அவ்வளவும் பூசணம். அதற்குள் புல்டோசர் வந்து இரண்டரை ஏக்கர் பழைய ரப்பர் மரங்களைத் தள்ளி, எரித்து, செம்மண்ணாக்கிவிட்டது. சிமெண்டில் மூன்று கறையான் புற்றும் ஓர் ஆப்பிரிக்க மரமும் கட்டியாகிவிட்டது. புல்தான் இல்லை. என்சிக் ஜைனல் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று காளியம்மா ஆபீசைக் கூட்ட வந்தவர், சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் துடைப்பத்தோடு நின்றார்.

"இதென்ன கிராணியம்மா, லாலாங்கா?"

"ஆப்பிரிக்காப் புல்லு, அக்கா."

"பாத்தா லாலாங் மாதிரிதான் இருக்கு. மரத்தத் தள்ளி எரிச்ச எடத்துல நாம சும்மா இருந்தாப் போதும், மூனு மாசத்துல இடுப்பு உசரத்துக்கு வந்து நிக்கும். அத வர விடாம பண்ணத்தானே இத்தன வருசம் எங்களுக்குச் சோறு போட்டானுங்க."

எனக்குப் பளிச்சென்று ஆனது. இந்த எட்டுப் பேரைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். 

என்சிக் ஜைனலிடம் போனேன். புல்லை லாலாங்காகவே வைத்துக்கொள்ளலாம், காசும் மிச்சம் என்றேன். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஓரம் கட்ட, பாதைக்கு வராமல் தடுக்க, காய்ந்த காலத்தில் தீப்பிடிக்காமல் காக்க. அந்த எட்டுப் பேரையும் புல்வெளி ஊழியர்களாக நிரந்தரம் ஆக்குங்கள் என்றேன். நிரந்தர ஊழியர் என்றால் குடியிருப்பு கொடுக்க வேண்டும் என்று கம்பெனி விதியிலேயே இருக்கிறது. குடியிருப்பு என்றால் லயம் நிற்க வேண்டும். லயம் நின்றால் குளத்தை வடக்குப் பக்கம் தள்ளித்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்கை நான் மூன்று நாள் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்திருந்தேன்.

அவர் பேனாவை உருட்டினார். "யோசனை நல்ல யோசனை. ஆனா நான் கையெழுத்துப் போட முடியாது. தத்தோ வந்து பாக்கணும். புல்லு நல்லா நின்னு, அவர் மனசுக்குப் பிடிச்சிட்டா, அங்கேயே சரின்னு சொல்ல வச்சிடுறேன்."

தத்தோ எங்கள் கம்பெனியின் தலைவர். கோலாலம்பூரில் இருப்பவர். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

ஆறாவது தடவை டைப் அடித்தேன். குளம் வடக்கே போனது. எட்டு நிரந்தர வேலை, பக்கம் பதினான்கு. புல்லை எந்தக் காரணத்தைக் கொண்டும் வெட்டக் கூடாது, இயற்கையாக விட வேண்டும் என்று ஆங்கிலத்தில் பதினோரு இடத்தில் வந்தது. பதினோரு இடத்திலும் நானே அடித்தேன்.

காளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "லாலாங்க வளக்கணுமா? அதுக்குச் சம்பளமா?" என்று கேட்டுவிட்டு மற்ற ஏழு பேரிடமும் போய்ச் சொன்னார். அங்கே ஒரே சிரிப்பு. சிரித்தாலும் வளர்த்தார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அந்த இரண்டரை ஏக்கர் பக்கம் போகும்போதெல்லாம் அவர்கள் கை பரபரத்ததை நான் கண்ணால் பார்த்தேன். காளியம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ஜூலையில் லாலாங் இடுப்பைத் தொட்டது. வெள்ளைப் பூ விட்டு, காற்றில் சாய்ந்து எழுந்தது. மோரிஸ் வந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குள்ளேயே இறங்கி நடந்தார். கென்யாவில்கூட இப்படி இல்லை என்றார். முதல் தடவையாக அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்தது.

தத்தோ ஜூலை இருபத்தேழு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார் என்று தந்தி வந்தது. அதற்கு முந்தின நாள் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. வருஷா வருஷம் நான் போகாமல் இருந்ததில்லை. கெடாவில் சனி, ஞாயிறு வேலை நாள் என்பதால் இரண்டு நாளும் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் லயத்துக்குப் போய் எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன்.

"திங்கக்கிழம தத்தோ வர்றாரு. கம்பெனிக்கே பெரியவரு. ஒங்க வேல, இந்த வீடு எல்லாம் அவரு சொல்ற ஒரு வார்த்தையிலதான் இருக்கு. அவரு புல்வெளியத்தான் பாக்க வர்றாரு. எல்லாரும் சுத்தமா உடுத்திக்கிட்டு ஒம்பது மணிக்கு நிக்கணும்."

"நீங்க கவலப்படாம மாதா கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றார் காளியம்மா. "பெரியவரு வந்தா எப்படி எடத்த வச்சிருக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க பாத்துக்கிறோம்."

எனக்கும்தான் தெரியும். அதுதான் கொடுமை. என் அப்பா கிளாரன்ஸ் பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் கிராணியாக இருந்தவர். பெரிய தொரை பார்வையிட வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே தோட்டம் அல்லோலகல்லோலப்படும். கண்ணில் படுகிற புல்லையெல்லாம் வேரோடு சுரண்டுவார்கள். மரத்துக்கு நெஞ்சளவு சுண்ணாம்பு. கல்லுக்குச் சுண்ணாம்பு. கால்வாய்க் கரைக்குச் சுண்ணாம்பு. ஒரு வருஷம் நகராமல் படுத்திருந்த எருமைக்கு ஒரு கை அடித்துவிட்டதாக அப்பா சொல்லிச் சிரிப்பார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வியாழக்கிழமை அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்னம்மாள் கோயிலில் எட்டு மெழுகுவத்தி ஏற்றி எட்டுப் பேருக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் சைக்கிளை நிறுத்திவிட்டுப் புல்வெளிப் பக்கம் திரும்பினேன்.

புல்வெளி இல்லை. இரண்டரை ஏக்கரும் வழித்து எடுத்த மாதிரி இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு பச்சை இல்லை. செம்மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் ஒழுங்காக, நேர் நேராக ஓடின. மூன்று கறையான் புற்றும் வெள்ளை வெளேரென்று நின்றன. மோரிஸ் ஒரு மாதம் நின்று நிறம் பார்த்து நிறம் பார்த்துப் பூச வைத்த ஆப்பிரிக்க மரத்துக்கு நெஞ்சளவு சுண்ணாம்பு. ஓரத்தில் இருந்த கற்கள் அத்தனையும் முட்டை மாதிரி வெள்ளை.

எட்டுப் பேரும் தலை குளித்து, நல்ல சேலை கட்டி, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக நின்றார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

 கத்தினேன். அப்படி நான் யாரிடமும் கத்தியதில்லை.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க! புல்லு எங்கே? ஐயோ, புல்லு எங்கேக்கா?"

காளியம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "வெட்டிட்டோம்."

"ஏன் வெட்டுனீங்க? வளக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்?"

"வளக்கணும்னு சொன்னீங்க, வளத்தோம். பெரியவரு வர்றாருன்னு சொன்னீங்க, வெட்டுனோம்." அவர் குரலில் எதிர்த்துப் பேசுகிற சாயல் இல்லை. எனக்குத்தான் ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தவர் போலப் பேசினார். "பெரிய மனுசன் பாக்க வரும்போது லாலாங்க வச்சிக்கிட்டா நிப்பாங்க, கிராணியம்மா? நம்ம மானம் என்னாகுறது?"

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். எட்டுப் பேருக்கு முடியாது என்று புருஷன், பிள்ளைகள், பீடோங்கிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். என்சிக் ஜைனல் தத்தோவை அழைத்துவர வெள்ளிக்கிழமையே கோலாலம்பூர் போய்விட்டார். கேட்க ஆளில்லை. சுண்ணாம்பு ஏது என்று கேட்டேன். தீபாவளிக்கு லயத்துக்கு அடிக்க வாங்கி வைத்திருந்ததாம்.

அதைக் கேட்ட பிறகு என்னால் கத்த முடியவில்லை. அழுகைதான் வந்தது.

வெட்டிய லாலாங் லயத்துக்குப் பின்னால் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். "எடுத்துட்டு வாங்க. முன்னால மட்டுமாவது நட்டு வைங்க" என்றேன்.

"வெட்டுன லாலாங்க நடணுமா?"

"நடுங்கக்கா, கேள்வி கேக்காதீங்க!"

நட்டார்கள். நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், ஒன்றரை மணி நேரம் குனிந்து குனிந்து கொத்துக் கொத்தாக நட்டார்கள். வெயில் ஏற ஏற நட்டது எல்லாம் தலையைத் தொங்கப் போட்டது. ஒன்பதரைக்குப் பார்த்தால் தெருவில் வைக்கோலைச் சிந்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. காளியம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார்கள். மறுபடி கூட்டினார்கள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. என்சிக் ஜைனல் இறங்கி, புல்வெளியைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி புல்வெளியைப் பார்த்தார்.  தத்தோ பின்னாலிருந்து இறங்கினார். குண்டாக, சிரித்த முகமாக இருந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். 

"பெர்சே!" என்றார். சுத்தம் என்று மலாயில் பாராட்டினார். "ரொம்ப சுத்தமா இருக்கே, ஜைனல். இந்த மாதிரி இடத்த நான் பாத்ததே இல்ல."

 கடவுளே, தப்பித்தோம் என்று நினைத்தேன். எட்டுப் பெண்களுக்கும் மலாய் தெரியும். வரிசை முழுவதும் நிமிர்ந்தது.

"இவங்க யாரு?"

"எங்க தொழிலாளிங்க, தத்தோ. நிரந்தரமாக்கணும்னு எழுதியிருந்தோமே, அந்த எட்டுப் பேர்" என்றார் என்சிக் ஜைனல்.

"என்ன வேலை?"

"புல்லைப் பாத்துக்கிறது."

தத்தோ செம்மண்ணைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "எந்தப் புல்லை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தார். என்சிக் ஜைனலும் சிரித்தார். பெரியவர் சிரிக்கிறார் என்று எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். காளியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தத்தோ, மூனு வாரத்துல புல்லு திரும்ப வந்துடும்" என்று மலாயில் சொன்னேன். அதற்குள் அவர் புலியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அதற்கேற்பத் திட்டத்தை ஏழாவது தடவையாக டைப் அடித்தேன். நிலம் சிறப்பாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது. புல் பராமரிப்புக்குத் தனி ஊழியர் தேவையில்லை. தேவைப்படும்போது காண்டிராக்டரை வைத்துக்கொள்ளலாம். எட்டுத் தினக்கூலிகளும் அக்டோபர் கடைசியோடு நிறுத்தப்படுவார்கள். பழைய கட்டடம் காலி செய்யப்பட வேண்டும். குளம் முதல் படத்தில் இருந்த இடத்துக்கே திரும்பியது. லயத்துக்குப் போய் அதைத் தமிழில் சொன்னதும் நான்தான். யாரும் அழவில்லை. "சுத்தமா இருக்குன்னு சொன்னாரே?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள்.

நான் சொன்ன மாதிரியே மூன்றாவது வாரம் லாலாங் வந்தது. மருந்து அடிக்காமல் வெறும் கையால் சுரண்டினால் வேர் உள்ளேதானே கிடக்கும். செப்டம்பர் கடைசியில் முழங்காலைத் தாண்டிவிட்டது. என்சிக் ஜைனலைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"பாருங்க என்சிக். புல்லு வந்துடுச்சு. இப்பவாவது தத்தோவுக்கு எழுதுங்க. இதப் பாத்துக்க ஆள் வேணும்னு எழுதுங்க."

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அழகா இருக்குலா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா மிஸ் அகத்தா, யாரும் தொடாமலே வளந்துடுச்சே. இத வச்சு நான் என்னான்னு எழுதறது?"

எனக்கு அவரை அங்கேயே தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? அதுதான் எரிச்சல். யார் சொன்னதிலும் பொய் இல்லை. பதினோரு தடவை ஆங்கிலத்தில் அடித்த ஒரு வரியை ஒரே ஒரு தடவை தமிழில், அந்த வியாழக்கிழமை, "தத்தோ வந்தாலும் வெட்டாதீங்க" என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். யார் யாரையோ திட்டிப் பார்த்துவிட்டேன். கடைசியில் அது என்னிடம்தான் வந்து நிற்கிறது.

அக்டோபர் கடைசியில், தீபாவளியெல்லாம் முடிந்து, லாரி வந்தது. காளியம்மா பாடாங் மேஹாவில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு தோட்டத்தில் புல்வெட்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். கட்டில், சாமி படம், கோழிக்கூடு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மற்ற ஏழு பேரும் அவரவர் சொந்தக்காரர்களைத் தேடி முன்பே போய்விட்டார்கள். லாரி நின்ற வாசல் கேட் வரை நான் கூட நடந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பஸ் நேரம், மழை என்று எதையோ பேசிக்கொண்டு போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில், "ஆப்பிரிக்கப் புல்வெளி, விரைவில்" என்று மூன்று மொழியில் எழுதிய பலகையின் காலடியில், ஒரு லாலாங் கொத்து முளைத்து நின்றது. காளியம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த தூக்குச் சட்டியைக் கீழே வைத்தார். குனிந்து, கொத்தை அடியோடு சேர்த்துப் பிடித்தார்.

"பிடுங்காதீங்கக்கா!" என்று கத்திவிட்டேன்.

அவர் குனிந்த வாக்கிலேயே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இப்பச் சொல்றீங்களே, கிராணியம்மா" என்றார்.

பிறகு வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, மறுபடி மண்ணில் பிடித்துவிடாதபடி வேர் மேலே இருக்க ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, லாரியில் ஏறிக்கொண்டார்.